நீச்சல் குளத்து மணல் வடிகட்டி: தேர்ந்தெடுத்த விதமும் பராமரிக்கும் முறையும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்டது. கொள்ளளவு 70,000 லிட்டர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பல குடியிருப்புகளைப் போலவே இங்கும் டேங்கர் லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பித்தான் காலம் ஓடுகிறது. இரண்டுமே கடின நீர். சங்கத்தின் பராமரிப்புக் குழுவில் இந்தக் குளத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, குளோரினும் பிஎச்சும் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) சோதனைப் பெட்டியில் சரியாகவே காட்டின. ஆனாலும் ஆழமான பக்கத்தில் தரை ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடுகள் தெரியாத அளவுக்குத் தண்ணீர் மங்கியிருந்தது. பாசி இல்லை, பச்சை நிறமும் இல்லை. இத்தகைய மங்கலுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. வடிகட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டுமான நிறுவனம் பொருத்திவிட்டுப் போன வடிகட்டி, 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபைபர் தொட்டி. அதன் மணற்பரப்பு 0.196 சதுர மீட்டர். குளத்து நீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வடிகட்டி வழியாகச் சென்றுவர வேண்டுமானால் மணிக்கு ஏறத்தாழ 12 கன மீட்டர் ஓட வேண்டும். ஒன்றரைக் குதிரைத்திறன் பம்பு அதைத் தரவும் செய்தது. ஆனால் 12 கன மீட்டரை அந்தச் சிறிய பரப்பின் வழியே அனுப்பினால், தண்ணீர் மணிக்கு 61 மீட்டர் வேகத்தில் மணலைக் கடக்கிறது. இவ்வகை வடிகட்டிகளுக்கு மணிக்கு 50 மீட்டர் என்பதே வழக்கமான உச்ச வரம்பு. 25 முதல் 30 மீட்டருக்குள் வைத்தால்தான் நுண்ணிய தூசி மணலுக்குள் தங்கும். வேகம் மிஞ்சினால், பிடிபட்ட அழுக்கையே தண்ணீர் கீழே தள்ளிக் குளத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். தொட்டியின் தகட்டில் உச்ச ஓட்டம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் பம்பின் தகட்டோடு அதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முடிவெடுப்பதற்கு முன் பழைய தொட்டியைத் திறந்து பார்த்தோம். பம்பை நிறுத்தி, காற்றுத் திருகைத் திறந்து, அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்த பிறகே மூடியின் கவ்வியைத் தளர்த்த வேண்டும். உள்ளே சிக்கிய காற்று அழுத்தத்தோடு இருக்கும்போது கவ்வியைக் கழற்றினால் மூடி எறியப்படும். அது உயிருக்கே ஆபத்து. மேல் வால்வை எடுத்ததும் தெரிந்த மணல் பழுப்பாக, விரலை ஊன்றினால் உள்ளே இறங்காதபடி இறுகிக் கிடந்தது. மேலே ஒரு விரற்கடை அளவுக்குப் பொருக்கு. அதைக் கம்பியால் பெயர்த்தால் கீழே எலுமிச்சம்பழ அளவில் கட்டிகள். தொட்டியின் சுவரை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் மணல் தளர்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் குறுக்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற இடத்து மணல் பேருக்கு இருந்ததே தவிர வேலை செய்யவில்லை.

ஒரு கட்டியை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விட்டதும் பொங்கி நுரைத்தது. சிலிக்கா மணல் அமிலத்தோடு வினைபுரியாது. நுரைப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. நுரை அடங்கியதும் கட்டி உதிர்ந்து தனித்தனி மணலாகக் குவளையின் அடியில் படிந்தது. மணலைக் கட்டியது எது என்பதில் அதற்குமேல் ஐயமில்லை. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அமிலப் புட்டியைக் குளோரின் மருந்துக்கு அருகில் கொண்டுவரவே கூடாது, ஏனெனில் இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்.

வேறு வகை வடிகட்டிகளையும் பரிசீலித்தோம். மடித்த துணியால் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வகை 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுண்துகளைப் பிடிக்கும். பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி வெளியே விடுவது, தேவையில்லாததால் தண்ணீர் மிச்சமாகும். தண்ணீரை லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் எங்களுக்கு அது கவர்ச்சியான செய்திதான். ஆனால் மடிப்புகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குழாய் நீரால் கழுவ வேண்டும். கடின நீரில் மடிப்புகளின் மேல் சுண்ணாம்பு படிந்தால் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை நீக்காவிட்டால் அமிலம் பிசுக்கைத் துணியிலேயே இறுக்கிவிடும். தனி வீட்டின் சிறு குளத்துக்கு அது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்புக் குழந்தைகள் அனைவரும் இறங்கும் குளத்துக்குப் பொருந்தாது. நுண்பாசிகளின் புதைபடிவப் பொடியான டயட்டம் மண்ணைக் கொண்டு வடிகட்டும் வகை 3 முதல் 5 மைக்ரான் வரை பிடிக்கும். நீரின் தெளிவில் அதற்கு இணையில்லை. ஆனால் ஒவ்வொரு பேக்வாஷுக்குப் பிறகும் புதிய பொடியை அளந்து போட வேண்டும். அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. பம்பு அறையில் தினமும் நிற்கும் ஊழியருக்கு அந்த வேலையைத் தர எனக்கு மனம் வரவில்லை. மணல் வடிகட்டி தனியாக 20 முதல் 40 மைக்ரான் வரைதான் பிடிக்கும் என்றாலும், கையாளுவது எளிது, மணல் எங்கும் கிடைக்கிறது, சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. மணலுக்குப் பதிலாகப் பொடித்த கண்ணாடித் துகளை இடலாம் என்றும் ஒரு விற்பனையாளர் பரிந்துரைத்தார். கண்ணாடி எளிதில் கட்டிபிடிக்காது என்பது அவர் வாதம். தண்ணீரில் சுண்ணாம்பு குறையாதவரை எதை இட்டாலும் அதன் மேல் படியத்தான் செய்யும் என்பது என் வாதம். மணலே போதும் என்று முடிவு செய்தோம்.

அடுத்து அளவு. 700 மில்லிமீட்டர் தொட்டியின் பரப்பு 0.385 சதுர மீட்டர். அதே 12 கன மீட்டர் ஓட்டத்துக்கு வேகம் மணிக்கு 31 மீட்டராகக் குறைகிறது. இந்த இடத்தில்தான் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. வடிகட்டும்போது தண்ணீர் மெல்லச் செல்வது நல்லது. கழுவும்போதோ கீழிருந்து மேலே மணிக்கு 40 மீட்டராவது வேகம் இருந்தால்தான் மணற்படுகை தூக்கப்பட்டு, துகள்கள் ஒன்றோடொன்று உரசி, அழுக்கை விட்டுவிடும். ஆகவே தொட்டி பெரிதாகப் பெரிதாக நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், இருக்கிற பம்பால் அந்த மணலைத் தூக்க முடியாமல், கழுவாத வடிகட்டியாகவே ஆயுள் முழுக்க நின்றுவிடும். 700 மில்லிமீட்டருக்குப் பேக்வாஷ் ஓட்டம் மணிக்கு 15.4 கன மீட்டர் தேவை. எங்கள் பம்பு அதைத் தருமா?

ஓட்டமானி இல்லாமல் இதை அளக்கக் குளமே உதவியது. குளத்தின் மேற்பரப்பு 50 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 50 லிட்டர் வெளியேறியதாகப் பொருள். காற்றில்லாத அதிகாலையில், படிக்கட்டை ஒட்டி ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி, அலை படாமல் இருக்க அடியும் தலையும் வெட்டிய தண்ணீர் பாட்டிலை அதைச் சுற்றி வைத்து, பம்பை வேஸ்ட் நிலையில், அதாவது நீர் மணல் வழியே செல்லாமல் நேரே வெளியேறும்படி, மூன்று நிமிடம் ஓட்டினோம். மட்டம் 17 மில்லிமீட்டர் இறங்கியது. அதாவது 850 லிட்டர், மணிக்கு 17 கன மீட்டர். மணலின் தடை சேர்ந்தால் சற்றுக் குறையும் என்பதால் 700-ஐத் தாண்ட வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம். புதிய தொட்டியைப் பொருத்திய பின் அதே அளவுகோலை வைத்துப் பேக்வாஷிலேயே அளந்தபோது 16 மில்லிமீட்டர் இறங்கியது. வேகக் கணக்கில் மணிக்கு 41 மீட்டருக்குச் சற்று மேல். இதைவிட நெருக்கமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வால்வு மேலே அமைந்த தொட்டி விலை குறைவு. பக்கவாட்டில் அமைந்தது கூடுதல். பக்கவாட்டு வால்வு உள்ளதையே வாங்கினோம். மணலைச் சோதிக்கவும் மாற்றவும் குழாய்களைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால், கடின நீர் உள்ள ஊரில் அந்தக் கூடுதல் விலை வீணாகாது. உறிஞ்சும் குழாயையும் 50-லிருந்து 63 மில்லிமீட்டருக்கு மாற்றினோம். பழைய குழாயில் நீரின் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரை எட்டிக்கொண்டிருந்தது, புதியதில் 1.3 மீட்டர்.

மணல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆற்று மணலைச் சலித்துத் தருவதாகச் சொன்னவரும் உண்டு, எம்-சாண்ட் போதுமே என்றவரும் உண்டு. முன்னதில் களிமண் கலந்திருக்கும், துகள் அளவும் ஒரே சீராக இராது. பின்னதில் தூள் அதிகம். கழுவிச் சலித்த சிலிக்கா மணல், 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை, அதற்கு அடியில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூழாங்கல் என்றே கேட்டு வாங்கினோம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோ பிடித்தது. தொட்டியின் அடியில் விரல்கள் விரித்ததுபோல் பிரிந்து நிற்கும் லேட்டரல் குழாய்கள்தான் வடிகட்டியின் மிக மென்மையான உறுப்பு. அவற்றில் ஒன்றில் கீறல் விழுந்தாலும் குளத்தின் அடியில், நீர் திரும்பி வரும் வாய்க்கு நேரே, மணல் சிறு குவியலாகச் சேரத் தொடங்கும். ஆகவே தொட்டியில் முதலில் பாதிவரை தண்ணீர் நிரப்பி, அதன் பின்பே கூழாங்கல்லைக் கைநிறைய எடுத்து மெல்ல இறக்கினோம். லேட்டரல்கள் மூடிய பிறகே மணல் மூட்டையைச் சாய்த்தோம். நடுக் குழாய் உள்ள தொட்டியானால் மணல் உள்ளே விழாதபடி அதன் வாயை முன்னதாகவே கட்டிவிட வேண்டும். தொட்டியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மணலின்றி விட வேண்டும். கழுவும்போது மணல் எழும்புவதற்கு அந்த இடம் தேவை. புதிய மணலில் தூள் இருக்கும் என்பதால் முதலில் பேக்வாஷ், பிறகு ரின்ஸ் (வடிகட்டும் திசையிலேயே நீரை ஓட்டி, குளத்துக்கு அனுப்பாமல் வெளியே விடுவது), அதன் பின்னரே வடிகட்டும் நிலை.

பேக்வாஷ் நீர் எங்கே போகிறது என்று குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அது மழைநீர்க் குழாயில் இணைக்கப்பட்டு, மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாட்டின் பயனை, குளோரினும் அழுக்கும் கலந்த நீரை நிலத்தடிக்கு அனுப்பிக் கெடுத்துக்கொண்டிருந்தோம். அந்த இணைப்பைத் துண்டித்து, பம்பு அறைக்குப் பின்னால் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை மூடியின்றி வைத்தோம். வெயிலில் குளோரின் சிதைந்துவிடுகிறது, வண்டல் அடியில் தங்குகிறது, மேல் நீர் வாகன நிறுத்துமிடத்தைக் கழுவப் பயன்படுகிறது. கொசு முட்டையிடாதிருக்க அதன் வாயில் வலை கட்டியிருக்கிறோம். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு விடுவதில்லை.

பராமரிப்பில் நாங்கள் செய்த பெரிய மாற்றம், கழுவும் பழக்கத்தை நாட்காட்டியிலிருந்து அழுத்தமானிக்கு மாற்றியது. முன்பு ஊழியர் தினமும் காலையில் பேக்வாஷ் செய்வார். அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உண்மையில், கழுவி முடித்த மணலைவிடச் சற்று அழுக்கேறிய மணலே நுண்ணிய துகளை நன்றாகப் பிடிக்கும். தினமும் கழுவினால் வடிகட்டி தேறும் முன்பே அதன் திறனைக் களைந்துவிடுகிறோம், தண்ணீரும் ஒவ்வொரு முறையும் 800 லிட்டர் போகிறது. சுத்தமான நிலையில் எங்கள் அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ காட்டுகிறது, அது 1.1 கிலோவை எட்டும்போது கழுவுகிறோம். அந்த இரண்டு எண்களையும் தொட்டியின் மீதே பெயின்ட்டால் எழுதியிருக்கிறோம். “சார், முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துடுச்சு, கழுவிடவா?” என்று ஊழியர் கேட்கும் நாள் கோடையில் வாரத்துக்கு ஒன்று, மழைக்காலத்தில் மூன்று வாரம்கூட ஆகும். முள் ஏறாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவிவிட வேண்டும். அசையாத மணலில் கிருமிப் படலம் வளரும். பம்பை நிறுத்திய பின் முள் பூச்சியத்துக்கு வராவிட்டால் பழுது அழுத்தமானியில்; அதை மாற்றச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மாறாக, பம்பு ஓடும்போதே முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் முடிச்சு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது: பம்புக்கு முன் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடை நிறைந்திருக்கும், அல்லது அதன் மூடியின் ஓரிங் (ரப்பர் வளையம்) வழியே காற்று நுழையும். ஓரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டுமே இட வேண்டும். வாகன கிரீஸும் வாசலினும் ரப்பரை உப்ப வைக்கும்.

வடிகட்டுதல், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட் என்று நீரின் வழியை மாற்றும் ஆறு நிலை மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைப் பம்பு ஓடும்போது திருப்பவே கூடாது. உள்ளே சிலந்தி வலை வடிவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. அழுத்தத்தோடு திருப்பினால் அது பிய்ந்துவிடும். பிய்ந்ததன் அடையாளம் எளிது: வடிகட்டும் நிலையிலேயே வேஸ்ட் குழாயின் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். குளம் எங்கோ ஒழுகுகிறது என்று ஓடுகளைப் பெயர்க்கத் தொடங்கும் முன் அந்தக் குழாயைப் பார்ப்பது நல்லது. பேக்வாஷ் இரண்டு அல்லது மூன்று நிமிடம், வெளியேறும் நீரைக் காட்டும் கண்ணாடிக் குப்பியில் தெளிந்த நீர் வரும்வரை. பிறகு பம்பை நிறுத்தி ரின்ஸுக்குத் திருப்பி அரை நிமிடம். ரின்ஸைத் தவிர்த்தால் லேட்டரல்களில் தங்கிய கலங்கல் முழுவதும் குளத்துக்கே திரும்பும்.

மணல் மீண்டும் இறுகாமலிருக்க மருந்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குளோரின் பயன்படும். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அதை நேரே குளத்தில் தூவினால் கரையாத சுண்ணாம்பு மணலில் போய்ச் சேரும். ஏற்கெனவே கடினமான நீர், கோடையில் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் மேலே போகிறது, உப்பு குளத்திலேயே தங்குகிறது. நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் இறங்கினாலே 250 லிட்டர் கடின நீரை மேலும் சேர்க்க வேண்டும். இப்போது திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் பயன்படுத்துகிறோம். அதில் கால்சியம் இல்லை; ஆனால் பிஎச்சை உயர்த்தும், பிஎச் உயர்ந்தால் சுண்ணாம்பு படியும் என்பதால் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிறுத்த அளந்து அமிலம் சேர்க்கிறோம். வெயிலில் ஹைப்போகுளோரைட் வீரியம் இழக்கும் என்பதால் பெருமளவில் வாங்கி வைப்பதில்லை. பிளீச்சிங் பவுடரைத்தான் பயன்படுத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள், வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் ஊற்றினால் மணல் ஓரளவு தப்பும்.

படிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் மங்கினால் பம்பை ஓடவிட்டுக்கொண்டே படிகாரக் கரைசலைக் கொட்டுவது இங்கே பரவலான வழக்கம். திரண்ட கசடு முழுவதும் மணலை அடைத்து, பிசின் போல் கட்டிவிடும். படிகாரம் இடுவதானால் மாலையில் இட்டுக் கலக்கி, பம்பை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் அடியில் படிந்ததை வேக்குவம் மூலம் வேஸ்ட் நிலையிலேயே வெளியேற்ற வேண்டும். அது வடிகட்டிக்குள் போகவே கூடாது. புதிய தொட்டி வந்த பிறகு எங்களுக்கு அதன் தேவை அரிதாகிவிட்டது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு அழுக்கு தலையெண்ணெய். தேங்காய் எண்ணெய் மணலில் படிந்து தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். பழைய கட்டிகளை விரலால் நசுக்கியபோது வழுவழுப்பாக இருந்ததற்கு அதுவே காரணம். இறங்குமுன் தலைக்குக் குளிக்க வேண்டும் என்ற பலகை முன்பே இருந்தது, ஷவரில்தான் தண்ணீர் வரவில்லை. அதைச் சரிசெய்தோம். ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் நீக்கும் கரைசலை மணலில் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்துப் பேக்வாஷ் செய்கிறோம். அதே நாளில் தொட்டியைத் திறந்து, மணலைக் கையால் துழாவி, கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறோம். மணல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தாங்கும் என்பது பொதுக் கணக்கு; கடின நீரில் கை சொல்வதையே நம்ப வேண்டும்.

பம்பு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதில் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் விவாதம் எழும். ஆறு மணி நேரம் ஓடினால் மொத்த நீரும் வடிகட்டப்பட்டுவிடும் என்பது சரியல்ல; வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்று முடியும்போது ஏறத்தாழ 63 சதவீதம்தான் வடிகட்டி வழியே சென்றிருக்கும்; இரண்டாம் சுற்றில் 86, மூன்றாம் சுற்றில் 95. நாங்கள் இரண்டு சுற்றுகள், அதாவது 12 மணி நேரம் ஓட்டுகிறோம். மின்சாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 யூனிட். வேகத்தை மாற்றக்கூடிய பம்பு ஒன்றை வாங்கலாமா என்று இப்போது விலை கேட்டு வருகிறோம். சுழற்சியைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகும், ஆனால் தேவைப்படும் மின்திறன் கணக்கின்படி எட்டில் ஒன்றாகும். நடைமுறையில் அந்த அளவுக்கு மிச்சம் வராவிட்டாலும், நாள் முழுக்க மெல்ல ஓட்டுவது மணலுக்கும் உகந்தது. விற்பனையாளர்களிடம் நாங்கள் எழுத்தில் கேட்டிருப்பது ஒன்றே: முழு வேகத்தில், எங்கள் குழாய்த் தடையோடு, பேக்வாஷுக்கு மணிக்கு 16 கன மீட்டர் கிடைக்குமா? பம்பின் ஓட்ட வரைபடத்தோடு பதில் அனுப்பியிருப்பவர் இதுவரை ஒருவர்தான்.